கொலையை நம்புகிறார்கள், வாக்குறுதியைத்தான் நம்பவில்லை

என் வீட்டுக்காரர் இதுவரை எத்தனை அமைச்சர்களைக் கொன்றிருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. பேனா மூடியில் விஷம் தடவி ஒருவரை, மேடை மைக்கில் மின்சாரம் பாய்ச்சி ஒருவரை, திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பனைக் கழுத்தில் சுற்றி ஒருவரை. கொன்ற கையோடு எழுந்து வந்து, "ஏம்மா, பசிக்குது" என்பார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார். மனுஷர் வேலைக்குப் போவது லிஃப்ட் மெக்கானிக்காக. வீட்டுக்கு வந்தால் அரசியல் மர்ம நாவல் எழுத்தாளர்.

அவருக்கு அரசியல் தெரிந்ததே லிஃப்ட்டில்தான். அரசு அலுவலகங்கள் நிறைந்த ஓர் உயரமான கட்டடம் அவர் பொறுப்பில் இருக்கிறது. லிஃப்ட்டில் ஏறும் பெரிய மனிதர்கள், மூலையில் ஸ்பானரோடு நிற்கிறவரை லிஃப்ட்டோடு சேர்த்து வாங்கிய சாமான் என்று நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். யார் யாருக்குக் குழி பறிக்கிறார், எந்த ஃபைலை யார் அமுக்கி வைத்திருக்கிறார், எல்லாம் இவர் காதில் விழும். ஆனால் கதவு திறந்ததும் அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். இறங்கிப் போய் என்ன வேலை செய்கிறார்கள் என்பது இவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் இவர் நாவல்களில் சதி அபாரமாக இருக்கும். ஆட்சிதான் ஒப்பேற்றலாக இருக்கும்.

அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் நர்ஸ் யூனிஃபார்ம்களை வரிசையாக இஸ்திரி போடுவார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த வாரம் அவர் எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன். "நானே படிச்சா என் எழுத்துன்னு பாசம் வந்துடுது. அடுத்தவங்க வாயால கேட்டாத்தான் எது குப்பைன்னு தெரியுது" என்பார். இந்த ஏற்பாட்டில் எனக்கு லாபம்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மடிப்புக் கலையாத யூனிஃபார்ம் என்னுடையது என்று எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்.

கொலை வருகிற இடத்தில் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். வாக்குறுதி வருகிற இடத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"'நான் பதவியேற்ற மறுநாளே இந்த நகரத்தில் தண்ணீர் வராத குழாய் ஒன்றுகூட இருக்காது.' ஏங்க, மறுநாள் லீவு நாளா இருந்தா?"

"கதைதானேம்மா, விடேன்."

"அதென்ன கதைதானே? விஷம் வைக்கிறதுக்கு மூணு புத்தகம் புரட்டினீங்க. என்கிட்ட வேற வந்து எத்தனை சொட்டுன்னு கேட்டு என்னைக் கதிகலங்க வச்சீங்க. தண்ணி கொடுக்கிறதுக்கு ஒரு பிளம்பரையாவது கேட்டீங்களா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அன்றைக்கு ஒரு யூனிஃபார்மாவது தீய்ந்துவிடும்.

நான் படிப்பாளி இல்லை. ஆனால் ஊசி போடுகிறவளுக்கு ஒன்று தெரியும். சுருக்கென்று ஒரு வலிகூட இல்லையென்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அவருடைய வேட்பாளர்கள் கொடுக்கிற வாக்குறுதியில் யாருக்கும் ஒரு துளி வலி இருக்காது. எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும், யாரிடமிருந்தும் எதுவும் போகாது. இதைத்தான் அவரிடம் படித்துப் படித்துச் சொல்வேன். "யாருக்கும் வலிக்காத வாக்குறுதி கொடுக்கிறவனை எவன் மெனக்கெட்டுக் கொல்லுவான்? உங்க கொலைகாரனுக்கு வேற பொழப்பு இல்லையா?"

அந்தக் கேள்வி அவரை நிஜமாகவே குடைந்தது. அதற்கு ஏற்றாற்போல் ஒருநாள் பதிப்பாளர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. செருப்பைக் கழற்றும்போதே கிளம்ப வேண்டும் என்பார்.

"அண்ணே, வாசகருங்க கொலையை நம்புறாங்க. வாக்குறுதியைத்தான் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் அவசரம். "ரிப்பன் கழுத்தை இறுக்கிச் செத்தான்னு எழுதினீங்க, ஒருத்தரும் மூச்சு விடலை. அதே புத்தகத்துல அந்த மந்திரி ஒரே வருஷத்துல எல்லாருக்கும் வீடு கட்டித் தர்றேன்னான், போன் மேல போன். யாருக்குக் காது குத்துறீங்கன்னு கேக்குறாங்க. அடுத்த புத்தகமும் இப்படின்னா வரிசையை நிறுத்திடலாம். கோச்சுக்காதீங்க. அண்ணி, காபி வேண்டாம், அவசரம்." காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதே மாதத்தில்தான் என் தலையிலும் இடி விழுந்தது. நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியை மூடி, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி இருந்தது. பன்னிரண்டு கட்டில், பச்சைச் சுவர், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிற ஒரு குழாய். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. கடைக்குப் போனால், "சிஸ்டர், நீங்க எடுத்த பிள்ளை இப்ப ஸ்கூல் போறான்" என்று யாராவது வந்து காட்டுவார்கள். அந்த இடம் இல்லாமல் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்வது?

அரசாங்கத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் சம்மதம் என்று கை தூக்காவிட்டால் திட்டத்தைக் கைவிடுவதாகப் பேச்சு. எங்கள் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, "நீதான் பேசணும். இந்தத் தெருக்காரங்க உன் பேச்சைத்தான் கேப்பாங்க. விட்டுடாதே" என்றார். விட மாட்டேன் என்று கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேயர் பதவிக்கு ஒரு பெண் நிற்கிறாள், அவளைக் கொல்ல ஒருவன் சுற்றுகிறான் என்பது கதை. அவள் மேடையேறிப் பேசும் இடம் வந்ததும் நான் சிரிக்கத் தயாராகி, குரலைச் சரிசெய்துகொண்டு படித்தேன்.

"'உங்கள் தெருவில் இருக்கும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியை நான் மூடப் போகிறேன். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். உங்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். அங்கே இருக்கும் நர்ஸுகள் தங்கமானவர்கள். ஆனால் ஏற்றுவதற்கு அவர்களிடம் ரத்தம் இல்லை. மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் டாக்டர் இல்லை. போன மழையில் ஒரு தாயை அங்கிருந்து வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பாலம் தாண்டும்போது அந்தக் கை விட்டுவிட்டது. ஜன்னலில் பெரிய ஆஸ்பத்திரியின் போர்டு தெரிந்தது. எனக்கு ஓட்டுப் போடாவிட்டாலும் பரவாயில்லை...'"

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அந்த நர்ஸ் நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் தோளில் சாய்ந்து அழுதபடி சொன்னது அது. பாலம், கை, போர்டு, எல்லாம் நான் சொன்ன சொல்.

"என் அழுகையை எடுத்து அந்தப் பொம்பளை வாயில வச்சுட்டீங்களே!"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாருக்கு வலிக்கும்னு நீதானேம்மா கேட்டே? வேற யாருக்கு வலிக்கிறதா எழுதினாலும் நம்புற மாதிரி வரலை. உனக்கு வலிக்கிறதுதான் எனக்குத் தெரியும்."

"நல்லா தெரிஞ்சுக்கிட்டீங்க போங்க! ஊரே ஆஸ்பத்திரியைக் காப்பாத்த நிக்குது, வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் பூட்டு போடுறாரு."

"கிழிச்சுடட்டுமா?" என்று நிஜமாகவே தாளைக் கையில் எடுத்தார்.

"கிழிச்சா மட்டும் பொய்யாயிடுமா?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் நாவல்களில் நான் நம்பிய முதல் வாக்குறுதி அதுதான். கோபத்தில் எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். சில நாட்கள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு யூனிஃபார்மை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போவார். நானும் வீம்புக்குப் பழைய கசங்கலையே போட்டுக்கொண்டு போவேன்.

கூட்டத்துக்கு முன் பெரிய சிஸ்டர் எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார். "இந்த ஆஸ்பத்திரி எங்களுக்குத் தாய் வீடு. இங்க எந்தக் குறையும் இல்லை. இதை மூடாம இன்னும் பெருசாக்கணும், எல்லா வசதியும் கொண்டு வரணும், அப்படின்னு அழுத்திச் சொல்லு." நான் தலையாட்டினேன். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகின காது. எல்லோருக்கும் எல்லாம், யாருக்கும் வலி இல்லை. என் வீட்டுக்காரர் எழுதியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சுகாதார அதிகாரி. சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். என் முறை வந்ததும் எழுந்தேன். தாய் வீடு என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லை.

"போன மழையில ஒரு பொண்ணு எங்க வேன்ல செத்துப் போச்சு" என்றேன். "கை என் கையிலதான் இருந்துச்சு. எங்ககிட்ட ரத்தம் இருந்திருந்தா பொழச்சிருப்பா. அது எங்ககிட்ட வரப்போறதில்லை. ரெண்டு இடத்துக்கு சர்ஜன் போட ஆள் இல்லை. பிரசவத்தை அங்க மாத்திக்கோங்க. எனக்கு இதைச் சொல்ல வயிறு எரியுது. ஆனா நடுவுல அந்தப் பாலம் இருக்குதே. ஆம்புலன்ஸ் ஒண்ணு, நர்ஸோட, எங்க வாசல்ல ராத்திரி பகல் நிக்கணும். அது இல்லாம மூடக் கூடாது."

பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி எழுந்து நின்றார். "சிஸ்டர் கேட்டது நியாயம். ஆம்புலன்ஸ் ஒரு மாசத்துல வந்துடும். இது என் பொறுப்பு." சொன்னவர் நெஞ்சில் கை வைத்தார். யாரோ கைதட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் எங்கள் தெருத் தையல்கார அம்மா இருந்தார். அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் எழுந்து, அதிகாரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?"

"வண்டி வரும்மா. சரின்னு சொல்லுங்க" என்றேன்.

தையல்கார அம்மா கை தூக்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், அப்புறம் ஹால் முழுவதும்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வண்டியை எங்கேருந்து எடுக்கிறாங்களாம்? டிரைவருக்கு யாரு சம்பளம்? எந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் குறையும்?" என்றார்.

"நெஞ்சில கை வச்சுச் சொன்னாருங்க."

"நான் அப்படி எழுதினா நீ விட்டிருப்பியா?"

"உங்களுக்கு எதை எடுத்தாலும் கதை! நிஜ மனுஷங்க பேசுறதையும் திருத்தக் கிளம்பிட்டீங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

பிரசவ அறையை மூடிவிட்டார்கள். கட்டில்களை லாரியில் ஏற்றியபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கிற அறை ஒன்று மட்டும் அங்கே இருக்கிறது. பெரிய சிஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. ஆம்புலன்ஸ் அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டேன், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். பல மாதம் அலைந்து மறுபடி போனபோது அந்த அதிகாரியே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், அப்படி ஒரு வாக்குறுதியா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இதற்கு நடுவில் நாவலும் வெளிவந்தது. அவசரம் வந்து போட்டுவிட்டுப் போன பிரதியைப் பிரித்தால், மேடைப் பேச்சு வேறாக இருந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் ஆஸ்பத்திரி திறப்பேன் என்கிறாள் அந்தப் பெண். என் வீட்டுக்காரர் பதிப்பாளருக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டார். அவர் போனில் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றார் அவசரம். "ஓட்டுக் கேக்குற நேரத்துல எவளாவது ஆஸ்பத்திரியை மூடுவேன்னு சொல்லுவாளா? சுத்தமா நம்புற மாதிரி இல்லை. மூடுறதாச் சொல்லி ஊரையே கை தூக்க வைக்கிறாளாம்! அதுக்கு ரிப்பன் கொலையே தேவலை."

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து, மழை பெய்கிற ஒரு மதியம், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காய்கறி ஏற்றும் வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே சாக்குகளின் மேல் ஒரு பெண் படுத்திருந்தாள். தலைமாட்டில் எங்கள் தெருத் தையல்கார அம்மா. பெண்ணின் சேலை முழுக்க ரத்தம். நான் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கையைப் பிடித்தபோது சில்லென்று இருந்தது. என் வாயில் சாமி பேர் எல்லாம் வந்துபோனது.

சர்ஜன் இருந்தார், ரத்தம் இருந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் நடந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே எடுத்துக்கொண்டு வந்தேன். தையல்கார அம்மா ஈரப் புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பேத்திம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கையில் வாங்கி முகத்தைப் பார்த்தார். அழுது முடித்த கண். "வலி வந்ததும் அவ தம்பியை நம்ம ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடச் சொன்னேன் சிஸ்டர், ஆம்புலன்ஸைக் கூட்டிட்டு வான்னு. வண்டியே இல்லைன்னு திரும்பி வந்தான். அப்புறம் தெருவுல போன வண்டியெல்லாம் மறிச்சு, இந்தக் காய்கறி வண்டிக்காரர் ஒருத்தர்தான் நிறுத்தினாரு."

"வண்டி வரவே இல்லைம்மா. அந்த ஆபீசர் நெஞ்சில கை வச்சுச் சொன்னாரா, நானும் நம்பிட்டேன்."

"எந்த ஆபீசரு?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. "அவர் என்ன சொன்னாருன்னு நான் கேக்கவே இல்லையே. நீங்க வரும்னீங்க, நான் கை தூக்கினேன்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பிள்ளை சிணுங்கியது. அவர் துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, "எப்ப வரும் சிஸ்டர்?" என்று மறுபடியும் என்னைத்தான் கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன்.